நேர்கோட்டில் நிற்காத புள்ளிகள்

ராஜமாணிக்கம் சாருக்குக் கட்டைவிரல் நல்ல அகலம். அதை என் கிராஃபின் இடது மேல் மூலையில் வைத்து அமுக்கினார். அங்கே இருந்த புள்ளிகள் எல்லாம் விரலுக்கு அடியில் போய்விட்டன. மீதிப் புள்ளிகள் சமர்த்தாக ஒரே கோட்டில் நின்றன.

"இப்போ பாரும்மா, எவ்ளோ அழகா இருக்கு!" என்றார்.

"விரலை எடுங்க சார்" என்றேன்.

எடுக்கவில்லை. இன்னொரு கையால் டம்ளரை எடுத்து ஒரு வாய் காபி குடித்தார். ஃபேன் ஓடினாலும் அறை வெந்துகொண்டிருந்தது. விரலைச் சுற்றி வியர்வை ஈரம் பரவி, பிரிண்டர் மை கலங்க ஆரம்பித்தது.

"மேல இருக்கிற இந்த பாயிண்ட்ஸை எடுத்துடு. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ புஷ்பா. சினாப்சிஸ்ல இன்னிக்கே கையெழுத்துப் போடறேன்."

சினாப்சிஸ் என்பது ஆராய்ச்சியின் சுருக்கம். கைடு அதில் கையெழுத்துப் போட்டால்தான் தீசிஸ் நகரும், பேருக்கு முன்னால் டாக்டர் வரும். ராஜமாணிக்கம் சார் என் கைடு. நான் அதே கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே பகுதிநேரமாக பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். தாம்பரத்தை ஒட்டிய கல்லூரி. பேர் வேண்டாம், இன்னும் அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் சம்பளம் வாங்குகிறார்கள்.

"ஏன் மேடம், இவ்ளோ வருஷம் ஃபிசிக்ஸ் சொல்லிக் கொடுத்திருக்கீங்க, நீங்க டாக்டர் இல்லையா?" என்று இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள் சிலர் கேட்டுவிட்டார்கள். இந்த வாரம் அதற்குப் பதில். வயிற்றெரிச்சல் கதைதான். இனிப்பாக ஏதாவது வேண்டும் என்கிறவர்கள் பக்கத்தைத் திருப்பி சமையல் குறிப்புக்குப் போய்விடலாம்.

படிக்கட்டு நெரிசல்

என் ஆராய்ச்சியை ஃபிசிக்ஸ் தெரியாதவர்களுக்கும் சொல்லிவிட முடியும். சொல்ல முடியாவிட்டால் எனக்கே புரியவில்லை என்று அர்த்தம்.

கூர்மையான ஒரு முனை. அதற்கு எதிரே ஒரு உலோகத் தகடு. நடுவில் காற்றே இல்லாத வெற்றிடம். தகட்டில் பெரிய வோல்டேஜ் கொடுத்தால், முனையிலிருந்து எலெக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். சூடு பண்ண வேண்டாம், சும்மா இழுத்தாலே வரும். வோல்டேஜை ஏற்ற ஏற்ற கரன்ட் மடமடவென்று ஏறும். அதை மடக்கைக் கணக்குப் போட்டு ஒரு குறிப்பிட்ட விதத்தில் வரைந்தால் அச்சு அசலாக நேர்கோடு வரும்; வோல்டேஜ் பெரிதான புள்ளிகள் அதில் இடது மேல் மூலையில் விழும். நேர்கோடு வந்தால் எல்லாரும் சந்தோஷமாக டீ குடிக்கப் போவார்கள்.

ஆனால் ரொம்பவும் இழுத்தால் கதை மாறும். தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படியை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் பீச் ஸ்டேஷனிலிருந்து வரும் வண்டி வந்து நின்றதும் மொத்தக் கூட்டமும் படிக்குப் பாயும். கொஞ்ச நேரத்தில் படி நிறைந்துவிடும். முன்னால் போனவர்கள் மறுபக்கம் இன்னும் இறங்கவில்லை, பின்னால் இருப்பவர்களால் முதல் படியிலேயே கால் வைக்க முடியாது. அதேதான் இங்கேயும். கிளம்பிவிட்ட, ஆனால் தகட்டுக்குப் போய்ச் சேராத எலெக்ட்ரான்கள் நடுவெளியில் கும்பலாக நிற்கும். எல்லாம் ஒரே மின்னூட்டம், ஒன்றை ஒன்று பிடிக்காது. பின்னால் வரப்போகிறதைத் திரும்பிப் பிடித்துத் தள்ளும். முனையில் இழுவிசை குறையும். கரன்ட் ஏற வேண்டிய அளவுக்கு ஏறாது. இதற்குப் பேர் ஸ்பேஸ் சார்ஜ். நேர்கோடு மேலே போகப்போகக் கீழ்ப்பக்கம் வளைந்துவிடும்.

ஒற்றை ஊசிமுனையில் இதையெல்லாம் பெரியவர்கள் எப்போதோ பார்த்துவிட்டார்கள். நான் பார்த்தது கார்பன் நானோ டியூப் என்கிற நுண்ணிய கரிக்குழாய்கள் பூசிய பட்டையில். அதில் முனைகள் கணக்கில்லாமல் நெருக்கியடித்து நிற்கும். தன்னுடைய எலெக்ட்ரான் போதாதென்று பக்கத்து முனையின் எலெக்ட்ரானும் சேர்ந்து அமுக்கும். அந்த அமுக்கல் எங்கே ஆரம்பிக்கிறது, எவ்வளவு என்பதுதான் நான் அளந்தது. சார் விரலுக்கு அடியில் இருந்தது அதுதான்.

திருமுடிவாக்கத்து இரும்பு

அந்த வெற்றிட அறையைக் கடையில் வாங்கும் வசதி எங்கள் கல்லூரிக்கு இல்லை. திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் எவர்சில்வர் உருளையாகக் கடையச் சொன்னோம். பம்மலில் எங்கள் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோ, பஸ் என்று மாறி மாறிப் போவேன். பம்மல் தோல் பதனிடும் ஷெட் நாற்றம் மூக்கை விட்டுப் போவதற்குள் லேத்தில் ஊற்றும் எண்ணெய் வாசனை வந்துவிடும்.

பட்டறைக்காரர் சேகர் அண்ணன் உருளையைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "இன்னாக்கா இது, உள்ள இன்னா வெக்கப் போறே?"

"ஒண்ணும் வைக்கல அண்ணா. உள்ள இருக்கிற காத்தையும் எடுத்துடுவோம்."

"ஒண்ணுமே இல்லாததுக்கா இவ்ளோ கனமா ஒரு டப்பா? நல்லாக்கீதே உங்க படிப்பு!"

நானும் சிரித்தேன். அப்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு சுலபமாக வந்தது. அந்த உருளை முதல் தடவை பம்ப் போட்டதும் ஒழுகியது. இரண்டாம் தடவையும் ஒழுகியது. இணைப்பு ஒவ்வொன்றாக அசிட்டோன் தடவித் தடவி ஓட்டையைத் தேடியதில் என் கைத்தோல் உரிந்தது. கடைசியில் வெற்றிடம் நின்ற அன்றைக்கு, யாரும் இல்லாத லேபில் கை தட்டினேன். பைத்தியம் மாதிரிதான். அவ்வளவு சந்தோஷம் அதற்குப் பிறகு எனக்கு வரவில்லை.

நகரச் சொல்லும் சொல்

'அட்ஜஸ்ட்' பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எலெக்ட்ரிக் ட்ரெயினில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிற சீட்டுக்கு நான்காவது ஆள் வந்து, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்பார். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்வார்கள். உட்கார்ந்த பிறகு அந்த நான்காவது ஆள் காலைப் பரப்பிக்கொண்டு தூங்கிவிடுவார். நான் பார்த்தவரைக்கும், அட்ஜஸ்ட் பண்ணச் சொல்கிறவர் ஒரு நாளும் அட்ஜஸ்ட் பண்ணியதில்லை.

இந்தச் சொல்லை நம் ஊரில் எதற்கு வேண்டுமானாலும் சொல்லலாம். தண்ணி லாரி வரவில்லையா, அட்ஜஸ்ட். மாமியார் கத்துகிறாரா, அட்ஜஸ்ட். ஆனால் அளந்து எடுத்த புள்ளியிடம் போய் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ரெசிஸ்டர் மேல் பழி

அந்த நாளுக்கு முன்னால், வளைவை முதல் தடவை காட்டியபோது சார் அறிவியலாகத்தான் பேசினார். "இது ஸ்பேஸ் சார்ஜ் எல்லாம் இல்லம்மா. சர்க்யூட்ல ரெசிஸ்டர் போட்டிருக்கே இல்ல? கரன்ட் ஏற ஏற அது வோல்டேஜைத் தின்னுடும். அதனால வளையுது."

நியாயமான சந்தேகம். எங்காவது தீப்பொறி பறந்தால் கருவி கருகாமல் இருக்க நாங்கள் ஒரு ரெசிஸ்டர் போட்டிருந்தோம். அதனாலும் கோடு வளையும், பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். இதை ஒதுக்காமல் யாராவது ஸ்பேஸ் சார்ஜ் என்று சொன்னால் நானே நம்பமாட்டேன்.

அதனால் முனைக்கும் தகட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை அகலமாக்கினேன். முனையில் முன்பிருந்த அதே இழுவிசை இருக்கும்படி வோல்டேஜையும் ஏற்றினேன். இப்போது வோல்டேஜ் பெரியது, ரெசிஸ்டர் தின்கிற பங்கு அதில் அற்பம். குற்றவாளி ரெசிஸ்டர் என்றால் வளைவு தள்ளிப் போக வேண்டும். நெரிசல்தான் என்றால், தூரம் கூடியதால் வெளியில் கூட்டம் கூடும், வளைவு இன்னும் முன்னாலேயே வர வேண்டும்.

முன்னாலேயே வந்தது. திரும்பத் திரும்பச் செய்தேன், ஒவ்வொரு முறையும் முன்னாலேயே வந்தது. ஆராய்ச்சி எனக்குக் கொடுத்த ஒரே பதில் அது. அதை எடுத்துக்கொண்டுதான் அன்றைக்குச் சார் அறைக்குப் போயிருந்தேன். அதன் மேல்தான் கட்டைவிரலை வைத்தார்.

"இடைவெளியை மாத்திப் பார்த்துட்டேன் சார். ரெசிஸ்டர் இல்ல."

அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. "புஷ்பா, நீ சொல்றது சரியாவே இருக்கட்டும். ப்ராஜெக்ட்டுக்குப் பணம் கொடுத்தவங்களுக்கு ரிப்போர்ட்ல நான் என்ன எழுதிக் கொடுத்திருக்கேன்? இந்தக் கோட்டை அப்படியே மேல நீட்டி, இவ்ளோ கரன்ட் வரும்னு கொடுத்திருக்கேன். இப்போ போய் வளைஞ்சிடுச்சுன்னு சொல்லவா? அசிங்கமா இருக்காது?"

ஸ்கேலை வைத்து நீட்டியிருக்கிறார்! எலெக்ட்ரானைக் கேட்காமல் எலெக்ட்ரான் சார்பில் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

"அந்தப் புள்ளிங்க இல்லாம நான் தீசிஸ் எழுத மாட்டேன் சார்."

"அப்போ என் கையெழுத்து இல்லாம எழுதிக்கோ" என்று சொல்லி விரலை எடுத்தார். பேப்பரில் கசங்கிய ஈரத் தடம் இருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டிலும் அதே சொல்

வேறு கைடிடம் மாற இவரே தடையில்லை என்று எழுதித் தர வேண்டும். "யோசிக்கலாம்" என்றார். அவர் யோசித்துக்கொண்டே இருந்ததில் என் பதிவுக்கான காலம் முடிந்துபோனது. நடுவில் லேப் சாவியையும் வாங்கிக்கொண்டார். அளவுகள் எல்லாம் லேப் கம்ப்யூட்டரில் இருந்தன. "கல்லூரிச் சொத்து, வெளியே போகக் கூடாது" என்றார்.

என் கணவர் கோபி நல்ல மனிதர். சார் விரலை வைத்த அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே, "என்ன புஷ்பா, மேல நாலு புள்ளி. இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? அட்ஜஸ்ட் பண்ணி வாங்கிட்டு வந்துடு. டாக்டர் ஆனப்புறம் உன் இஷ்டத்துக்கு வளைச்சுக்கோ" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

நான் அந்தக் கல்லூரியை விட்டேன். வண்டலூர் தாண்டி இன்னொரு கல்லூரியில் சேர்ந்தேன். முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு லென்ஸும் லேசரும் நடத்தினேன். மாடம்பாக்கத்துக்கு வீடு மாறினோம். என்னைவிடச் சின்னவர்கள் ஒவ்வொருவராக டாக்டர் ஆகி, டிபார்ட்மென்ட்டில் எனக்கு மேலே உட்கார்ந்தார்கள். எனக்குப் பொறாமையா என்றால், ஆமாம், வண்டி வண்டியாக.

வளைவுக்கு வந்த மவுசு

சில வருஷம் ஓடியது. அதற்குள் வெளிநாட்டுக்காரர்கள் நானோ டியூப் பட்டையில் அதே வளைவைப் பார்த்துக் கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அசிங்கமாக இருந்த வளைவுக்குத் திடீரென்று மவுசு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அனிதா என்று ஒரு பெண் வீடு தேடி வந்தாள். ராஜமாணிக்கம் சாரிடம் பிஎச்.டி. செய்கிறாளாம். தீசிஸ் கொடுத்துவிட்டாள், வைவா என்கிற வாய்மொழித் தேர்வு பாக்கி. தீசிஸைப் படித்து மதிப்பிடும் வெளியூர்ப் பரிசோதகர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார், அதற்கு வைவாவில் பதில் சொல்ல வேண்டும்.

"சாரைக் கேட்டா, ஏதாவது சொல்லு, பார்த்துக்கலாம்ங்கறாரு மேடம். லேப் அசிஸ்டென்ட் அண்ணாதான், புஷ்பா மேடத்தைப் போய்க் கேளுன்னு சொன்னாரு."

"என்ன கேள்வி?"

"இந்த வளைவு ரெசிஸ்டரால வரலைன்னு எப்படிச் சொல்றீங்கன்னு."

தீசிஸை வாங்கிப் பிரித்தேன். என் கிராஃப். இடது மேல் மூலையில் என் புள்ளிகள், அத்தனையும். அதில் ஒன்று மட்டும் கொஞ்சம் இறங்கி நிற்கும். அளந்தபோது மெயின் லைனில் வோல்டேஜ் அமுங்கிய புள்ளி அது, வெட்கமில்லாமல் அதையும் அப்படியே போட்டிருந்தார்கள். அதற்கு மேல் கொஞ்ச நேரம் எனக்கு எழுத்தே தெரியவில்லை.

"இதெல்லாம் யாரு எடுத்தது?" என்றேன்.

"சார் மேடம். லேப் ஆரம்பிச்ச புதுசுல அவரே எடுத்தாராம். என் அளவுங்க அடுத்த சாப்டர்ல இருக்கு."

"நான் எடுத்தது."

அனிதா என்னைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ மேடம், சத்தியமா எனக்குத் தெரியாது" என்று அழ ஆரம்பித்தாள். பொய் சொல்கிற அழுகை இல்லை. எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அவளுக்காக இல்லை, எனக்காகத்தான்.

புள்ளிகளைத் திருடிய சாருக்கு அவை வளைந்த காரணம் தெரியவில்லை. இடைவெளியை ஏன் மாற்றினேன் என்று அன்றைக்கு அவர் காது கொடுத்தே கேட்கவில்லையே! அந்தக் கேள்விக்கு வாயைத் திறக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சொல்லித் தராமல் அனுப்பியிருந்தால் வைவாவில் நாறியிருக்கும்.

"சொல்லித் தரேன். ஆனா ஒண்ணு. இதை யார் பண்ணினதுன்னு யாராவது கேட்டா என் பேரைச் சொல்லணும். வேற எதுவும் எனக்கு வேணாம்."

"கண்டிப்பா மேடம். நீங்க சொல்லவே வேணாம், நானே சொல்லுவேன்."

இருட்டும் வரைக்கும் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். நல்ல புத்திசாலிப் பெண். ஒரு தடவை சொன்னதும் பிடித்துக்கொண்டாள்.

பப்ளிக் வைவா

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நம் பக்கம் பிஎச்.டி. வைவா பொதுவில் நடக்கும். நோட்டீஸ் ஒட்டுவார்கள், யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வியும் கேட்கலாம். வருகிறவர்களுக்கு ஸ்வீட், மிக்சர், காபி உண்டு. மாணவர் செலவு. பட்டம் கிடைப்பது அநேகமாக உறுதி என்பதால் மாமா சித்தப்பா எல்லாரும் கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வருவார்கள்.

நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முன் வரிசையில் அனிதாவின் அம்மா, அப்பா. அம்மா பட்டுப்புடவை. மேடையில் பரிசோதகர், பக்கத்தில் ராஜமாணிக்கம் சார். என்னைப் பார்த்ததும் சார் கையை ஆட்டினார். நெஞ்சழுத்தம்தான்!

பரிசோதகர் அந்தக் கேள்வியைக் கேட்டார். அனிதா பதில் சொன்னாள். இடைவெளியை அகலமாக்கினால் ரெசிஸ்டர் என்ன செய்யும், நெரிசல் என்ன செய்யும், எது நடந்தது. என் வார்த்தைகள், அதே வரிசையில். நான் விரலால் காட்டியது மாதிரியே இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். சார் எல்லாம் தெரிந்தவர் மாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"பியூட்டிஃபுல்" என்றார் பரிசோதகர். யாருடைய யோசனை என்று மட்டும் கேட்கவில்லை. அனிதா தானாகச் சொல்லவுமில்லை. அடுத்த படத்துக்குப் போய்விட்டாள்.

கடைசியில் சார் மைக்கில், "பார்வையாளர்கள்ல யாராவது கேள்வி கேட்கலாம்" என்றார். நான் எழுந்தேன்.

"பேரும் காலேஜும் சொல்லுங்க மேடம், ரிப்போர்ட்ல எழுதணும்" என்றார் பரிசோதகர்.

சார் முந்திக்கொண்டார். "சார், இவங்க நம்ம புஷ்பவல்லி, என்னோட பழைய ஸ்டூடண்ட். நல்ல பொண்ணு. ஃபேமிலி கமிட்மென்ட், பாதியில நிறுத்திட்டாங்க."

முன் வரிசை முழுக்கத் திரும்பிப் பரிதாபமாகச் சிரித்தது. நான் அனிதாவை மட்டும் பார்த்துக் கேட்டேன். "இந்த வளைவை முதல்ல பார்த்தது, இடைவெளியை மாத்தி நிரூபிச்சது, யாரும்மா?"

அனிதா என்னைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவை. அப்புறம் சாரை. அவள் ரிப்போர்ட்டில் சார் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

"எங்க கைடு சார்தான், மேடம்" என்றாள்.

எல்லாரும் கை தட்டினார்கள். சார் எழுந்து கும்பிட்டார்.

பப்ளிக் வைவாவில் யார் கேள்வி கேட்டார்கள், என்ன கேட்டார்கள் என்பதை எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அந்த ஆராய்ச்சி சம்பந்தப்பட்ட காகிதங்களில் என் பேர் இருக்கிற ஒரே இடம் அதுதான். பார்வையாளர் புஷ்பவல்லி ஒரு சந்தேகம் கேட்டார். மாணவி அளித்த பதில் திருப்திகரம்.